கட்ட விரிப்பு வாங்க முதல் பேனையை வாங்குங்கள்: கொழும்பில் டி அன்ட் டி ஆடுபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் விரிப்பின் வலது மூலையில் ஒரு சிவப்பு ஏரி இருக்கிறது. டி அன்ட் டி (டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்) தெரியாதவர்களுக்கு: ஆளுக்கொரு பாத்திரமாகி மேசையைச் சுற்றியிருந்து கதையாக ஆடும் விளையாட்டு அது. சண்டை வந்தால் கட்டம் போட்ட விரிப்பில் இடத்தைப் பேனையால் வரைந்து, அதன்மேல் மினி எனும் சிறு பொம்மைகளை நகர்த்துவோம். மூன்று வருடத்துக்கு முன் ஒரு போயா நாளில், பலிபீடத்தைச் சுற்றி இரத்தம் ஓடுவதாகக் காட்ட நான் சிவப்புப் பேனையால் தீட்டியது. ஆட்டம் பாதியில் நின்றது. "அடுத்த கிழமை தொடருவம்" என்று விரிப்பை அப்படியே சுருட்டிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். அடுத்த கிழமை மூன்று கிழமையாயிற்று. விரித்துத் துடைத்தபோது சுவர் போனது, கதவு போனது, இரத்தம் போகவில்லை. இப்போது காடு, கடற்கரை, சந்தை என்று எதை வரைந்தாலும் அந்த ஏரி அதே இடத்தில் இருக்கும். "அண்ணா, இந்த ஊரிலயும் அந்தக் குளமா?" என்று கேட்காத ஆள் எங்கள் மேசையில் இல்லை.

விரிப்பு நல்ல வைனில் (மென்மையான பீவீசீ பிளாஸ்டிக்) விரிப்பு. பேனையும் தண்ணீரில் அழியும் பேனை, சரியான சோடிதான். ஆனால் வைனில் மேல் சிவப்பு மை மூன்று கிழமை கிடந்தால் ஊறிவிடும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நண்பர்களுக்காகவும் எனக்காகவும் நாலைந்து விதமான விரிப்புகளை வாங்கியும் செய்தும் பார்த்துவிட்டேன். யார் கேட்டாலும் முதலில் சொல்வது ஒன்றுதான்: எந்தப் பேனையால் எழுதப்போகிறீர்கள் என்று தீர்மானியுங்கள், அதற்கேற்ற விரிப்பைப் பிறகு தேடுங்கள். பெரும்பாலானவர்கள் படத்தைப் பார்த்து மயங்கி விரிப்பை வாங்குகிறார்கள், கையில் கிடைத்த பேனையால் கிறுக்குகிறார்கள், பிறகு ஸ்பிரிட் போத்தலோடு அழுகிறார்கள்.

முதற்படி: மேசையை அளவெடுங்கள்

கொழும்பு மாடிவீடுகளில் விளையாட்டுக்கென்று தனி மேசை வைக்க இடமேது? சாப்பாட்டு மேசைதான். எங்களுடையது 60 அங்குல நீளம், 36 அங்குல அகலம். இணையத்தில் எல்லோரும் புகழும் செசெக்ஸ் நிறுவனத்தின் மெகாமெட் 34½ க்கு 48 அங்குலம். அதை விரித்தால் மேசையின் அகலமே முடிந்துவிடும். பாத்திரத் தாளை (அவரவர் பாத்திரத்தின் விபரம் எழுதிய தாள்) எங்கே வைப்பது, தாயக்கட்டையை எங்கே உருட்டுவது, ரோல்ஸ் தட்டை எங்கே வைப்பது?

ஒரு ஆளுக்கு முன்னால் குறைந்தது 10 அங்குலம் வேண்டும். ஆகவே 36 அங்குல மேசைக்கு நடுவில் மிஞ்சுவது 16 அங்குலம், அதாவது ஏறக்குறைய ஏ2 தாளின் அகலம். பாத்திரத் தாளை இரண்டாக மடித்து ஏ5 ஆக்கிக்கொண்டால் ஆளுக்கு ஆறு அங்குலம் போதும். அப்போது ஏ1 தாளே போடலாம். நாங்கள் ஆடுவது அப்படித்தான்.

அளவு வேண்டிய இன்னொரு பக்கம் ஆட்டத்துக்குள் இருக்கிறது. ஒரு கட்டம் ஒரு அங்குலம், அந்த ஒரு அங்குலம் ஐந்து அடி. 1974 இல் வந்த முதல் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸிலேயே தூரத்தை அங்குலத்தில்தான் சொன்னார்கள். அது மேசைமேல் பொம்மைப் படை வைத்து ஆடிய போர் விளையாட்டிலிருந்து பிறந்தது. ஐந்து அடிக் கட்டம் 2000 இல் வந்த மூன்றாம் பதிப்போடு நிலைத்தது. சாதாரண மனிதப் பாத்திரம் ஒரு முறைக்கு 30 அடி நடக்கும், அது 6 கட்டம். 20 அடி ஆரமுள்ள தீப்பந்து மந்திரம் குறுக்காக 8 கட்டத்தை எரிக்கும். பெரிய வில்லின் இயல்பான எல்லை 150 அடி, 30 கட்டம். ஏ1 தாளின் நீளம் 33 அங்குலம் என்பதால் வில்லுக்காரன் ஒரு ஓரத்தில் நின்று மறு ஓரத்தைத் தாக்கலாம். ஏ3 தாளில் அவனுடைய வில் சும்மா பாரம்தான்.

இரண்டாம் படி: பேனை

சந்தையில் மூன்று சாதி உண்டு. வெள்ளைப் பலகைப் பேனை, தண்ணீரில் அழியும் பேனை, அழியாத பேனை.

வெள்ளைப் பலகைப் பேனையின் மைக்குள் மையைப் பரப்பில் ஒட்டவிடாத எண்ணெய்த் தன்மையான பொருள் ஒன்று கலந்திருக்கும். அதனால் நுண்துளையில்லாத பரப்பில் மை ஒரு மெல்லிய ஆடைபோலக் கிடக்கும், விரலால் தேய்த்தாலே உதிரும். வசதி பெரிது, ஆனால் சட்டைக் கை பட்டாலும் உதிரும். ஒரு பொடியன் எட்டிக் கை நீட்டித் தன் மினியை நகர்த்தினால் கோட்டைச் சுவர் அரைவாசி அவன் கையோடு போய்விடும்.

தண்ணீரில் அழியும் பேனை, பழைய ஓவர்ஹெட் புரொஜெக்டர் தாள்களுக்கு எழுதப் பயன்பட்ட அதே வகை. காய்ந்தபின் உலர்ந்த கை பட்டால் ஒன்றும் ஆகாது. ஈரத்துணி பட்டால்தான் போகும். ஆனால் கொழும்பில் உலர்ந்த கை எங்கே இருக்கிறது? ஏப்ரல் மாதம், மின்விசிறி மட்டும் உள்ள அறை, ஆறு பேர்: மணிக்கட்டு வியர்வையே ஈரத்துணியின் வேலையைச் செய்துவிடும். ஒருமுறை குளிர் சோடாப் போத்தல் ஒன்றின் அடியில் வழிந்த தண்ணீர் ஒரு சிறைக்கூடத்தின் வடக்குச் சுவரை வட்டமாக அழித்துவிட்டது. கைதி வேடம் போட்டவர் அந்த ஓட்டையால் தப்பலாம் என்று அரை மணித்தியாலம் வாதாடினார். நான் விட்டுக்கொடுத்தேன்.

இரண்டுக்கும் நடுவில் எதை எடுப்பது? குளிரூட்டி உள்ள அறை, பெரியவர்கள் கூட்டம் என்றால் தண்ணீரில் அழியும் பேனை. வியர்க்கும் அறை, குறைந்த நேர ஆட்டம், அடிக்கடி அழித்து வரைகிற பழக்கம் என்றால் வெள்ளைப் பலகைப் பேனை. அழியாத பேனையை வீட்டிலிருந்தே அப்புறப்படுத்துங்கள், அல்லது தனி டப்பாவில் பூட்டுங்கள். ஆபத்து என்னவென்றால், ஸ்டெட்லர் நிறுவனத்தின் லுமோகலர் பேனைகளில் தண்ணீரில் அழிவதும் அழியாததும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி. மெல்லிய முனையில் 316 என்ற இலக்கம் அழியும், 318 அழியாது. கடைக்காரர் எடுத்துத் தருவதை அப்படியே பையில் போடாமல் உடம்பில் எழுதியிருப்பதை வாசியுங்கள்.

நிறம்: கறுப்பு, நீலம் போதும். சிவப்புத்தான் அதிகம் ஊறும். இரத்தமோ நெருப்போ காட்ட வேண்டுமானால் சிவப்புக் கம்பளி நூலை வளைத்து வையுங்கள், சிவப்பு மணிகளைக் கொட்டுங்கள். பார்க்கவும் அழகு.

மூன்றாம் படி: பரப்பைத் தெரிவு செய்யுங்கள்

முதலில் ஒரு கேள்வி. உங்கள் வீட்டு மேசைக்குக் கண்ணாடி போட்டிருக்கிறதா? அப்படியானால் கட்டம் அச்சடித்த ஒரு தாளைக் கண்ணாடிக்குக் கீழே நுழைத்துவிடுங்கள், வேலை முடிந்தது. கண்ணாடியைப்போல மையை ஏற்காத பரப்பு வேறில்லை. வெள்ளைப் பலகைப் பேனை, தண்ணீர்ப் பேனை இரண்டும் தடமில்லாமல் போகும். தவறி அழியாத பேனை பட்டாலும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சு போதும். குறை இரண்டு. தடித்த கண்ணாடியில் சரிந்து பார்ப்பவருக்கு மினி நிற்கும் கட்டம் கொஞ்சம் விலகித் தெரியும். உலோகத் தாயக்கட்டை கண்ணாடியின் விளிம்பைச் சிதைக்கும், ஒரு தட்டில் உருட்டச் சொல்லுங்கள். மூன்றாவது குறையும் உண்டு: கண்ணாடிக்குக் கீழே ஏற்கனவே இருக்கும் பின்னல் விரிப்பை எடுக்க அம்மாவிடம் அனுமதி வாங்க வேண்டும்.

கண்ணாடி இல்லாதவர்கள் தொடர்ந்து வாசியுங்கள்.

வைனில் விரிப்பு: மென்மையாக விரியும், சுருட்டலாம், பல வருடம் உழைக்கும். மென்மைக்குக் காரணம் அதில் கலந்திருக்கும் இளக்கி. அதே இளக்கிதான் மையையும் உள்ளே விடுகிறது. வெள்ளைப் பலகைப் பேனையின் கரைப்பான் நிறத்தை வைனிலுக்குள் தள்ளிவிடும், பிறகு தேய்த்தாலும் வராது. இதற்குத் தண்ணீர்ப் பேனை ஒன்றே சோடி. பிளாஸ்டிக் மினிகளை வைனில் மேல் மாதக்கணக்கில் நிற்கவிடாதீர்கள், அடி பிசுபிசுக்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதென்றால் பொருளின் விலையை மட்டும் பார்க்காமல் அனுப்பும் கூலியையும் வரியையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். லண்டனிலிருந்தோ டொரொன்டோவிலிருந்தோ விடுமுறைக்கு வரும் மச்சான் இருந்தால் அவரிடம் சொல்வது உத்தமம்.

மடிப்பு விரிப்பு: பைசோ நிறுவனத்தின் ஃபிளிப்-மெட் இந்த வகை. 24 க்கு 30 அங்குலம், அட்டைமேல் பூச்சு, மடித்தால் கொப்பி அளவு. எல்லாப் பேனையையும் ஏற்கும், பையில் போகும். மடிப்புக் கோட்டில் மட்டும் காலப்போக்கில் பூச்சு உரியும், அங்கே மை இறங்கும். அடிக்கடி வேறு வேறு வீடுகளில் ஆடுபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

நியோபிரீன் விரிப்பு, மவுஸ் பாட் போன்றது: மிக அழகு, தாயக்கட்டை ஓசையில்லாமல் விழும், சுருங்காது. ஆனால் மேற்பரப்பு துணி, எழுத முடியாது. காசு கொடுக்க முதல் இதை நினைவில் வையுங்கள். மேலே ஒரு தெளிந்த பிளாஸ்டிக் தாள் போட்டு எழுதலாம். அப்படியானால் அந்தக் காசு எதற்கு?

அக்ரிலிக் தகடு: ஏ1 அளவில் 3 மில்லிமீற்றர் தடிப்பென்றால் ஏறக்குறைய 1.8 கிலோ. சமதளமாகக் கிடக்கும், பேனை வழுக்கிக்கொண்டு ஓடும். கீறல் விழும், ஸ்பிரிட் பட்டால் மயிரிழை வெடிப்புகள் வரும். ஈரத்துணிக்கு மேல் எதுவும் வேண்டாம்.

இனி நான் கொழும்புக்காரருக்குச் சிபாரிசு செய்வது: அச்சடித்து லெமினேட் செய்த தாள். ஒரு பெரிய தாளும் வேண்டாம், நாலு ஏ3 போதும். ஏ3 தாள் 420 க்கு 297 மில்லிமீற்றர். ஒரு அங்குலம் 25.4 மில்லிமீற்றர் என்பதால் ஒரு ஏ3 இல் நீளப் பக்கம் 16, அகலப் பக்கம் 11 கட்டம் அமரும், ஓரமும் மிஞ்சும். நாலையும் இரண்டுக்கு இரண்டாக அடுக்கினால் 32 க்கு 22 கட்டம். அது ஏ1 தாளில் ஓரம் விட்டு அடிக்கும் கட்டத்துக்குச் சமம். பெரிய அரண்மனைக்கு நாலையும் போடலாம், சிறு குகைக்கு ஒன்றை வைக்கலாம், நீளமான கால்வாய்ச் சண்டைக்கு மூன்றை ஒரே வரிசையில் வைத்து 48 கட்டம் எடுக்கலாம். ஒன்று கெட்டால் அந்த ஒன்றை மாற்றினால் சரி. பையில் நேராக நிற்கும்.

நாலாம் படி: கடையில் அச்சடிக்கும்போது

கட்டத்தை இங்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருளில் வரையலாம். 25 மில்லிமீற்றர் என்று போடாதீர்கள், 25.4. கோடு மெல்லிய சாம்பல் நிறம், தடிப்பு அரை மில்லிமீற்றருக்குள். கறுப்புக் கோடு போட்டால் நீங்கள் வரையும் கறுப்புச் சுவர் அதற்குள் ஒளிந்துவிடும். ஒவ்வொரு ஐந்தாவது கோட்டையும் கொஞ்சம் அழுத்தமாகப் போடுங்கள், 25 அடி 25 அடியாக எண்ணலாம். பின்னணி தூய வெள்ளையைவிட மங்கல் மஞ்சள் நல்லது, டியூப்லைட் வெளிச்சத்தில் கண் கூசாது.

பீடிஎஃப் ஆக எடுத்துக்கொண்டு கொமியூனிகேஷனுக்கு (பிரின்ட், போட்டோக்கொப்பி அடிக்கும் கடைக்கு) போங்கள். எல்லாம் சரியாக இருந்தும் காரியம் கெடுகிற இடம் இதுதான். பிரின்டர் பெட்டியில் "ஃபிட் டு பேஜ்" என்பது தானாகத் தெரிவாகியிருக்கும். அது தாளுக்குள் அடக்க எல்லாவற்றையும் மூன்று நாலு வீதம் சுருக்கிவிடும். 97 வீதமானால் 25.4 மில்லிமீற்றர் 24.6 ஆகும். பார்க்கத் தெரியாது. ஆனால் மினியின் அடித்தட்டு 25 மில்லிமீற்றர். நாலு கோப்ளின் (குட்டிப் பூத) மினிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று தள்ளும். என்னுடைய முதல் தொகுதி அப்படித்தான் வந்தது, லெமினேட் செய்து வீட்டுக்கு வந்தபின்தான் கண்டுபிடித்தேன்.

வெள்ளவத்தையில் நான் போகும் கடையில் முதல் தடவை நடந்தது:

"தம்பி, இது என்ன, வீட்டுப் பிளானா? ஒரு அறையும் காணேல்ல."

"விளையாட்டு, அண்ணை."

"ஓ, செஸ்ஸா. கறுப்புக் கட்டம் அடிக்க மறந்திட்டீங்கள்."

"இல்லை அண்ணை, இப்பிடியே இருக்கட்டும். நூறு வீதத்தில அடியுங்கோ, சுருக்க வேண்டாம்."

முதல் தாள் வந்தவுடன் அடிமட்டத்தை எடுங்கள். பத்துக் கட்டம் 254 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். 246 இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். மீதி மூன்றையும் அடிக்க விடுவதும் லெமினேட்டுக்குக் கொடுப்பதும் அதற்குப் பிறகுதான்.

லெமினேட் என்றால் இரண்டு விதம். சூட்டில் ஒட்டும் பை வகையில் வெளிப்பக்கம் பொலியெஸ்டர். அது மையை உள்ளே விடாது. வெள்ளைப் பலகைப் பேனை சுகமாக அழியும். பெரிய பனர் அச்சகங்களில் செய்யும் குளிர் லெமினேட் பெரும்பாலும் பீவீசீ படலம், அதாவது மறுபடியும் வைனில். அங்கே வெள்ளைப் பலகைப் பேனையைப் போட்டால் என் ஏரியின் தம்பி பிறப்பான். "சூட்டிலயா, குளிரிலயா?" என்று கேட்டுவிடுங்கள். பளபளப்பா மங்கலா என்றும் கேட்பார்கள். மங்கல் பரப்பு வெளிச்சத்தைத் திருப்பாது. ஆனால் அதன் சொரசொரப்பில் வெள்ளைப் பலகை மை தங்கி நிழல் விடும். மங்கல் எடுத்தால் தண்ணீர்ப் பேனையோடு இருங்கள்.

கத்தரிக்கும் வேலையை நீங்களே செய்யுங்கள். தாளைக் கட்டத்தின் ஓரத்தோடு வெட்டிப் பிறகு பைக்குள் வைத்து ஒட்டுங்கள். ஒட்டியபின் சுற்றிவரத் தெளிந்த படலம் நாலு மில்லிமீற்றராவது மிஞ்சும்படி வெட்டுங்கள். படலத்தைத் தாளோடு தாளாக வெட்டினால் ஒரு மழைக்காலத்துக்குள் ஈரக்காற்று உள்ளே நுழைந்து ஓரம் வாய் பிளக்கும். அடுக்கும்போது ஒரு தாளின் தெளிந்த ஓரம் பக்கத்துத் தாளின் மேல் ஏறி உட்காரட்டும், கட்டம் கட்டத்தோடு சேரும்.

ஒரு பெரிய தாளே வேண்டும் என்று அடம்பிடித்தால் வீட்டுப் பிளான் அடிக்கும் கடையில் ஏ1 அளவில் கோட்டுப்படமாக எடுங்கள், மேலே மேசைக்குப் போடும் தெளிந்த பிளாஸ்டிக்கை விரியுங்கள். புறக்கோட்டையில் மீற்றர் கணக்கில் வெட்டித் தருவார்கள். அதுவும் பீவீசீதான், தண்ணீர்ப் பேனை மட்டும். அறுகோணக் கட்டத்தில் இன்னொரு தாள் அடித்து வைத்திருந்தால் காட்டுப் பயணத்துக்கு மாற்றிப் போடலாம்.

தொலைக்காட்சியை மேசையில் படுக்கவைத்து அதில் வரைபடம் காட்டுவோரும் இருக்கிறார்கள். 2022 மின்வெட்டு மாதங்களில் மெழுகுதிரி வெளிச்சத்தில் ஆடியவன் என்ற முறையில் எனக்குத் தாளில்தான் நம்பிக்கை.

ஐந்தாம் படி: மூலையில் சோதியுங்கள்

புதிய பரப்பு, புதிய பேனை எதுவானாலும், பின்பக்கம் அல்லது ஒரு மூலையில் நீங்கள் வைத்திருக்கும் ஒவ்வொரு நிறத்தாலும் ஒரு சிறு கோடு போடுங்கள். ஒரு தொகுதியை உடனே துடையுங்கள், இன்னொன்றை இரண்டு நாள் விடுங்கள். சோதனையை ஆட்டம் நடக்கும் அறையிலேயே செய்யுங்கள், அலுவலகக் குளிரூட்டிக்குக் கீழே வேண்டாம். இரண்டாம் நாள் தடம் விடும் நிறத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஆறாம் படி: துடைப்பு, சுருட்டல்

ஆட்டம் முடிந்த இரவே துடையுங்கள். எவ்வளவு களைப்பானாலும். தொடர்ச்சி வேண்டுமானால் கைபேசியில் ஒரு படம் எடுத்தால் அடுத்த தடவை பத்து நிமிடத்தில் திரும்ப வரையலாம். வெறும் ஈரத்துணி, போகாவிட்டால் பாத்திரம் கழுவும் சவர்க்காரம் ஒரு துளி, பிறகு நல்ல தண்ணீர்த் துணி, பிறகு உலர்ந்த துவாய். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சணம் வரும்.

லெமினேட் தாளில் யாரோ அழியாத பேனையால் எழுதிவிட்டால் பதற வேண்டாம். அதே கோட்டின்மேல் வெள்ளைப் பலகைப் பேனையால் தடிப்பாக எழுதி, காய முதல் துடையுங்கள். புதிய மையின் கரைப்பான் பழைய மையை இளக்கிக் கூட்டிக்கொண்டு வரும். வைனிலில் இந்தத் தந்திரத்தை முயலாதீர்கள், ஒரு கறையை இரண்டாக்கும். ஸ்பிரிட்டையும் வைனிலுக்குக் காட்டாதீர்கள், அச்சடித்த கட்டக்கோடே கையோடு வந்துவிடும்.

சுருட்டும்போது ஆடும் பக்கம் வெளியே இருக்கட்டும். அப்போதுதான் விரித்தால் ஓரங்கள் கீழ்நோக்கி வளைந்து மேசையில் படியும். உட்பக்கமாகச் சுருட்டினால் மேல்நோக்கி எழுந்து மினிகளைக் கவிழ்க்கும். லெமினேட் ஏ3 களைச் சுருட்டவே வேண்டாம், இரண்டு தடித்த அட்டைகளுக்கு நடுவில் வைத்து ரப்பர் பட்டி போடுங்கள். மடித்தால் வெள்ளைக் கோடு விழும், அது போகாது. வைனிலைக் கொண்டுபோக, ஹார்ட்வெயார் கடையில் 3 அங்குல பீவீசீ குழாயை விரிப்பின் அகலத்தைவிட இரண்டு அங்குலம் கூட்டி வெட்டச் சொல்லி இரண்டு மூடி வாங்குங்கள். 100ம் இலக்க பஸ்ஸில் மாலை நேரத்தில் நெரிபட்டாலும் உள்ளே இருப்பது நசுங்காது. என்னவென்று கேட்பவர்களிடம் வீட்டுப் பிளான் என்று சொல்லிவிடலாம்.

குழாய்க்குள் ஒரு சிறு துவாயும் கறுப்பு 316 பேனை இரண்டும் எப்போதும் இருக்கட்டும். சிவப்பு வேண்டாம்.